மார்கழியில் மாற்றிய உரிமம்

மதுரையில் மார்கழி பிறந்தால் கல்யாண மண்டபங்கள் உறங்கப் போகும், அச்சகங்கள் விழித்துக்கொள்ளும். தையில் தாலி கட்டப்போகிறவர்களின் பெயர்களை எல்லாம் மார்கழியிலேயே மஞ்சளிலும் சிவப்பிலும் அச்சடித்துக் காயப்போட்டிருப்பார்கள். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த அப்படியொரு மார்கழியில், நான் எழுதிய ஒரு சின்னக் கணினி நிரலின் உரிமத்தை மாற்றுவதற்காக ஆற்றங்கரை வரைக்கும் போய் வந்தேன். நிரல் எழுதியது நாற்காலியில் உட்கார்ந்துதான். அதன் உரிமத்தை மாற்றத்தான் கால் வலித்தது.

அந்த நிரல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கணினியில் அன்றைக்குத் தமிழ் ஒரே தமிழாக இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தம் இஷ்டப்படி எழுத்துகளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் 'அ' உட்காரவைத்த நாற்காலியில் இன்னொருவர் 'ழு'வை உட்காரவைத்திருப்பார். கீழமாசி வீதியில் அடித்த பத்திரிகையைப் பழங்காநத்தத்தில் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் டாலரும் கேள்விக்குறியும் பல்லிளிக்கும். என் நிரல் அவர்களை நாற்காலி மாற்றி உட்காரவைக்கும். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றுக்கோ, எல்லோருக்கும் ஒரே நாற்காலி வரிசை என்று அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த யூனிகோடுக்கோ மாற்றிக் கொடுக்கும். அது தனியாக ஓடாது. வேறொருவர் எழுதும் மென்பொருளுக்குள் போய், சத்தம் போடாமல் தன் வேலையை மட்டும் பார்க்கும். எங்கள் தொழிலில் இதற்கு லைப்ரரி என்று பேர். உள்ளே ஒரு புத்தகமும் இருக்காது.

ஒரு மிஷன் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் எனக்கு வேலை. இரண்டு பரீட்சைகளுக்கு நடுவே, மின்விசிறிகள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் அந்த அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துதான் அதை எழுதினேன். பிறகு இணையத்தில் எல்லோருக்குமாக ஏற்றிவைத்தேன். ஏற்றும்போது ஒரு உரிமம் போட வேண்டும். நான் போட்டது கறாரானது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், யாருக்கும் கொடு. ஆனால் இதைக் கலந்து நீ எதைச் செய்தாலும் அதையும் இதே போல எல்லோருக்கும் திறந்து கொடு. அதன் மிடுக்கு எனக்குப் பிடித்திருந்தது. கோயில் பிரசாதத்தை வாங்கிப்போய் விற்காதே என்பது போல.

திறந்த வீட்டுக்குள் ஆட்கள் வந்தார்கள். சோழவந்தானிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார், மூன்று பழைய எழுத்துருக்களுக்கு அட்டவணை போட்டு அனுப்பினார். முனிச்சாலையிலிருந்து ஒரு பெண், சேலை வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். அவர்கள் தங்கள் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது, தமிழில் இல்லாத ஓசைகளுக்காக எழுத்தின் தோளில் குட்டி எண்கள் வைப்பார்கள். எழுத்துரு மாற்றும்போது அந்தக் குட்டி எண்கள் எல்லாம் உதிர்ந்துபோகும். உதிராமல் கொண்டுசேர்க்கும் பகுதியை எழுதி அனுப்பியவர் அவர். இருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. மெயிலில்தான் பழக்கம்.

இப்படி இருக்கையில் என் நண்பன் வந்தான். கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். சென்னையில் நல்ல வேலையை உதறிவிட்டு வந்து, பழங்காநத்தத்தில் பாத்திரக் கடை மாடியில் ஒரு அறை பிடித்து, கல்யாணப் பத்திரிகை அச்சுக் கோக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான். அச்சகக்காரர்கள் தைக்கு முன்னால் வேண்டும் என்றிருந்தார்கள். இந்தத் தையை விட்டால் அவனுக்கு அடுத்த மாடிப்படி கிடையாது, சென்னைக்கு ரயில்தான். என் லைப்ரரியை உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறான், அழகாக ஓடியிருக்கிறது. அதன் பிறகுதான் கோப்பின் தலையில் இருந்த உரிமத்தைப் படித்திருக்கிறான்.

"என்ன மாப்ள இது? ஒன் புரோகிராம உள்ள வச்சா, என் புரோகிராம ஊருக்கே தெறந்து காட்டணுமாம்ல?"

"ஆமா."

"அப்பத் தெறந்து வச்சுட்டு நான் எதை விக்கிறது? காலையில கீழவாசல்ல குடுத்தேண்டா மத்தியானம் மாசி வீதி பூரா காப்பி ஓடும். ஒனக்குத் தெரியாதா நம்ம ஊர?"

தெரியும். மாத்திரலாம் என்றேன். எந்தக் கட்டும் இல்லாத உரிமங்களும் இருந்தன. என்னவும் செய்துகொள், பெயரை மட்டும் எடுத்துவிடாதே என்கிற ரகம். அதைப் போட்டால் அவன் பாடு தீர்ந்தது. ஆனால் நான் மட்டும் மாற்ற முடியாது. மூன்று பேர் எழுதியது. எழுதியவரின் வரி எழுதியவருக்குத்தான் சொந்தம். மூவரும் சரி சொல்ல வேண்டும்.

"மூணே பேரா?" அவன் சிரித்தான். "பத்திரிகைக்கு அடியில முப்பது பேரு போடுறவன் மாப்ள நானு. வா, நேர்ல போயிருவோம். மெயில்ல கேட்டா மரியாதையா இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்கு பஸ் ஏறினோம். வைகையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மணல் தன்னை மறைத்துக்கொள்ளப் போதாத தண்ணீர். ஆனாலும் வெயில் அதில் விழுந்து நாலாபக்கமும் சிதறியது. வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சை வாசனை பஸ்ஸுக்குள் ஏறி, ஊர் வரும் வரைக்கும் இறங்கவில்லை. வாத்தியார் பனியனோடு வாசலில் நின்று வரவேற்றார். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எம்பேரு அதுல இருக்கும்ல?"

"இருக்கும் சார்."

"அப்ப எனக்கென்னங்க. கணக்குப் போட்டது நாந்தாண்டு இருந்தாப் போதும்."

கிளம்பும்போது கொடிக்காலிலிருந்து கிள்ளி அடுக்கிய ஒரு கட்டு வெற்றிலையை நண்பன் கையில் கொடுத்தார். அதை அவன் பூங்கொத்துப் போலப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினான்.

மறுநாள் எனக்கு ஆய்வகத் தேர்வு. வெற்றிலை வாடுவதற்குள் முனிச்சாலைக்குப் போய் வந்துவிடுவதாகச் சொல்லி அவன் தனியாகக் கிளம்பினான். பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிச் சேர்த்துக்கொண்டான். சாயங்காலம் கல்லூரி வாசலில் நின்றான். முகமெல்லாம் பல்.

"வீட்டுல தாராளமாண்டுட்டாங்க மாப்ள. காப்பி குடுத்தாங்க பாரு, அடடா."

நான் வேறெதுவும் கேட்கவில்லை. பழங்காநத்தத்து பிரவுசிங் சென்டரில், அரைத் திரை போட்ட அறைக்குள் புகுந்து, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருந்த கறாரான பத்தியை எடுத்துவிட்டு இளகிய பத்தியை வைத்தேன். ஏற்றினேன். வெளியே வந்தபோது தெருவிளக்குகள் அப்போதுதான் முணுமுணுத்து எரியத் தொடங்கியிருந்தன. ஒருவனுக்கு வழிவிட்டோம் என்று மனசு லேசாக இருந்தது.

அந்த வாரமே மெயில் வந்தது, முனிச்சாலையிலிருந்து.

"சார், உரிமம் மாறியிருப்பதைப் பார்த்தேன். விசாரித்ததில் என் மாமனார் சம்மதம் கொடுத்ததாகத் தெரிகிறது. என் மாமனார் மிகவும் நல்லவர். ஆனால் அவர் ஒரு வரி நிரலும் எழுதியதில்லை."

படித்துவிட்டு, பக்கத்து அறைக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பழைய உரிமத்தைத் திரும்ப வைத்தேன். பிறகு பாத்திரக் கடை மாடிக்குப் போனேன்.

"யாரடா கேட்ட நீ?"

"பெரியவரத்தான் கேட்டேன். அந்தம்மா வேலைக்குப் போயிருந்தாங்க."

"எழுதினது அவங்கடா."

"மாப்ள, பத்திரிகையில பேரு போட ஒரு வீட்டுக்குப் போனா யாரக் கேப்ப? வீட்டுப் பெரியவரத்தான? அவரு சரிண்டா மகன், மருமக, பேரன், பேத்தி, கைப்புள்ள வரைக்கும் போட்டுறலாம்ல? மருமகளத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேண்டா செருப்பால அடிப்பான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெற்றிலை பாக்கோடு போய்ப் பெரியவரைக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதையின் உச்சம். உரிமம் என்கிற அந்த ஒற்றைப் பத்திக்குத்தான் ஊர் வழக்கம் தெரியவில்லை. அதற்கு வீடு தெரியாது, பெரியவர் தெரியாது. எழுதிய கை மட்டும்தான் தெரியும்.

மறுபடி போனோம், இருவருமாக, அந்தப் பெண் வேலையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து. முனிச்சாலையில் நூல் சாயத்தின் வாசனையும் பால் காய்ச்சும் வாசனையும் ஒரே சந்துக்குள் முட்டிக்கொண்டிருந்தன. மாமனார்தான் கதவைத் திறந்தார். சிவந்த, உருண்டையான மனிதர். நண்பனைப் பார்த்ததும் முகம் கூச்சத்தில் கோணிற்று.

"வாங்க தம்பி. அன்னைக்கு நீங்க உரிமம், பேரு, சம்மதம்ண்டு என்னென்னமோ சொன்னீங்களா, நான் யாரோ வீட்டுப் பத்திரிகையில எங்க பேரப் போடக் கேக்குறீகண்டு நெனச்சுட்டேன். வேண்டாம்ண்டு சொல்வாங்களா யாராச்சும்?"

மருமகள் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தோள்பையைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் நண்பனைத்தான் கேட்டார்.

"நீங்க உங்க சாப்ட்வேருக்குப் பூட்டு வைப்பீங்களா?"

கணினியின் முதுகில் செருகும் விரலளவுப் பூட்டு ஒன்று அன்று புழக்கத்தில் இருந்தது. செருகினால்தான் மென்பொருள் ஓடும், பிடுங்கினால் நின்றுவிடும். நண்பன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"வைப்பேன்க்கா. பொய் சொல்லல. வைக்கலேண்டா எனக்குச் சோறு இல்ல."

"எங்க பஜனை சபையில பாட்டுப் புத்தகம் ஒண்ணு அடிச்சோம், எங்க பாஷையில. பத்து வருசமா பாடிப் பாடிச் சேத்தது. இதே மாதிரி பூட்டுப் போட்ட சாப்ட்வேர்ல அடிச்சோம். ஒரு ஐப்பசியில இடி விழுந்து அந்தப் பூட்டு பொகஞ்சு போச்சு. கம்பெனிக்கு போன் போட்டா, கம்பெனியே இல்ல. மூடிட்டுப் போயிட்டாங்க. பைல் இருக்கு, பாட்டு இருக்கு, தெறக்க வழியில்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "அதத் தெறக்கத்தான் உக்காந்து அந்தப் புரோகிராம எழுதினேன். தெறந்துட்டேன். இனிமே யாருக்கும் இப்படி ஆகக்கூடாதுண்டுதான் இந்த சார்ட்ட குடுத்தேன். அந்த உரிமத்தப் பாத்துத்தான் குடுத்தேன். இத யாரும் பூட்டுக்குள்ள வைக்க முடியாதுண்டு எழுதியிருந்துச்சு."

"நான் ஓடிப்போக மாட்டேன்க்கா."

"அந்தக் கம்பெனிக்காரங்களும் ஓடிப்போற ஆளுங்க மாதிரி இல்ல தம்பி."

அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் அவன் தை; மறுபக்கம் இந்தப் பெண்ணின் புகைந்துபோன பூட்டு. இரண்டுக்கும் நடுவில் என் லைப்ரரி, ஒன்றும் அறியாத பிள்ளை போல. அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அவருடைய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மாற்றலாம், வழி உண்டு. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் குட்டி எண்களைத் தோளிலிருந்து இறக்கிவிட எனக்கு மனமில்லை.

அவரே சொன்னார். "மூணாவதா ஒரு உரிமம் இருக்குல்ல சார்? நடுவாப்புல?"

இருந்தது. நான் படித்தும் இருந்தேன், நமக்குத் தேவையில்லாததைப் படிப்பது போல. லைப்ரரி என்றைக்கும் திறந்தே இருக்கும், அதில் யார் கை வைத்தாலும் மாற்றியதைத் திறந்து கொடுக்க வேண்டும். ஆனால் அதைப் பயன்படுத்தும் மென்பொருள் தன் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: லைப்ரரி தனிக் கோப்பாக வெளியே இருக்க வேண்டும், வாங்கியவர் விரும்பினால் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ள முடிய வேண்டும்.

"உங்க வீட்டுக்கு நீங்க பூட்டுப் போட்டுக்கங்க தம்பி, நான் கேக்க மாட்டேன்," என்றார் அவர். "தெருக் குழாய வீட்டுக்குள்ள இழுத்து வச்சுப் பூட்டாதீங்க. அம்புட்டுத்தான்."

நண்பனுக்குப் புரிந்தது. புரிந்ததும் பதறினான். "நான் மாவோட மாவாப் பெசஞ்சுல்ல வச்சிருக்கேன்! பிரிச்சு எடுக்கணும்ண்டா முக்கால்வாசி திரும்ப எழுதணுமே. தை பொறக்கப் போகுதுக்கா!"

"பிரிச்சு வைங்க. எங்க சிக்குதுண்டு சொல்லுங்க, நான் பாத்துத் தாரேன்."

உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மாமனார் எட்டிப்பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். மருமகளும் ஏதோ சொன்னார். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். என்ன என்று நான் பார்த்தேன்.

"அப்ப நான் குடுத்த சம்மதம் என்னாச்சுண்டு கேக்குறாரு. அதுக்குத்தான் அன்னைக்கே வெத்தலை பாக்கு வாங்கிட்டீங்களேண்டு சொன்னேன்."

அதன் பிறகு வந்த நாட்களை நான் பிரியமாக நினைத்துக்கொள்கிறேன். கல்லூரி விட்டதும் மாடி அறைக்குப் போவேன். கீழே பாத்திரக் கடையில் குடமும் அண்டாவும் மோதி ஒலிக்கும். மேலே அவன் ஒவ்வொரு இழையாக என் நிரலைத் தன் நிரலிலிருந்து பிரித்துக்கொண்டிருப்பான், பிரிக்க மாட்டாமல் என்னைத் திட்டுவான், முனிச்சாலைப் பெண்ணைத் திட்ட மாட்டான். சிக்கிய இடத்தை மெயிலில் அனுப்பினால் அவரிடமிருந்து பதில் வரும், நாலே வரியில், சுத்தமாக. ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ்கள் தோளோடு தோள் உரசிப் போகும். யாருடையது எது என்று அதுவரை எனக்கே தெளிவில்லாமல் கிடந்த ஒன்று, விளிம்பு விளிம்பாகத் துலங்கி வந்தது. இது அவன் வீடு, இது தெருக் குழாய், இது அவர் வைத்த திருகு. பிரித்த பிறகு இரண்டுமே முன்னைவிட வேகமாக ஓடின என்பதை அவன் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

சோழவந்தான் வாத்தியாருக்குப் போன் செய்து மறுபடி சம்மதம் கேட்டேன்.

"மறுபடியுமா? போன வாரம் சொன்ன சரி என்னங்க ஆச்சு?"

"அது வேற உரிமம் சார். இது வேற." தெருக் குழாய்க் கதையைச் சொன்னேன்.

"இது நல்லாருக்கே. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ரெண்டு தடவ சரி சொல்ல வைக்கிறீங்க."

முனிச்சாலையிலிருந்து சம்மதம் ஒரு வரி மெயிலாக வந்தது, அவர் பெயரில், அடியில் அவர் கையொப்பத்தோடு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மூன்றாவது முறையாகக் கோப்புகளின் தலைப்பத்தியை மாற்றினேன். மார்கழி கடைசியில் நண்பனின் மென்பொருள் அச்சகங்களுக்குப் போனது. பூட்டோடுதான். பூட்டுக்கு வெளியே, தனிக் கோப்பாக லைப்ரரி. அதன் பக்கத்தில் எங்கள் மூவர் பெயரும் இணைய முகவரியும் மெயில் முகவரியும் எழுதிய ஒரு சின்னக் குறிப்பு.

பொங்கல் முடிந்து அவன் உசிலம்பட்டியில் அக்கா வீட்டில் இருந்தான். செல்போனுக்கு அங்கே டவர் கிடையாது. அப்போதுதான் முனிச்சாலை அச்சகம் ஒன்றில் வேலை நின்றது. கணினியில் பாட்டு ஏற்ற இடம் பற்றாமல், அங்கிருந்த யாரோ, பெயர் புரியாத கோப்பு எது என்று தேடி லைப்ரரியை அழித்துவிட்டார்கள். பாதியில் நின்றது ஒரு பத்திரிகை. அந்த வாரமே முகூர்த்தம். அச்சகக்காரர் அவனுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்து, அக்காவின் பக்கத்து வீட்டு லேண்ட்லைன் வழியாகச் செய்தி சொல்லிவிட்டிருக்கிறார். இவன் அலறியடித்து பஸ் ஏறினான். வழியெல்லாம், பேர் கெட்டுப்போச்சு, எல்லாம் போச்சு, சென்னைக்கே போயிர வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டு வந்ததாகப் பின்னால் சொன்னான்.

பெரியார் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, மூச்சு வாங்க அச்சகத்துக்குள் நுழைந்தால், பத்திரிகைகள் அடித்து அடுக்கிக் கிடக்கின்றன. மணமக்கள் பெயருக்கு அடியில் சௌராஷ்டிரத்தில் நாலு வரி, குட்டி எண்கள் ஒன்றும் உதிராமல்.

"வாங்கண்ணே," என்றாராம் அச்சகக்காரர். "அந்தக் குறிப்புல அட்ரஸ் போட்டிருந்துச்சுல்ல? பிரவுசிங் சென்டருக்குப் போயி, பிளாப்பியில எடுத்துட்டு வந்து நாங்களே போட்டுட்டோம். இம்புட்டுத்தானா வேலை?"

அன்று மாலை மாடி அறையில் நண்பன் அதைச் சொல்லி முடித்தான்.

"நான் இல்லாமலே ஓடிருச்சு மாப்ள."

வருத்தமா என்று முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் வருத்தம் போலத்தான் இருந்தது. பிறகு அதற்குள்ளிருந்து வேறொன்று எழும்பி வந்தது, மழைக்குப் பிறகு கண்மாயில் குமிழி எழும்புவது போல.

"அந்தாளு இன்னும் ரெண்டு கடைக்குச் சொல்லியிருக்கான். உள்ளூருல நின்னுபோனா நாமளே சரி பண்ணிக்கிறலாம்ண்டு சொல்லித்தான் சொல்லியிருக்கான்." அவன் என் முழங்காலில் தட்டினான். "அந்த அக்காட்ட மட்டும் சொல்லிராத. அப்பறம் நம்மள வச்சுச் சிரிப்பாங்க."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. குறிப்பில் இருந்த மெயில் முகவரிக்கு அச்சகக்காரரே மெயில் போட்டிருந்தார். அந்த முகவரிக்கு வருவது மூவருக்கும் வரும். நன்றி சொல்லிவிட்டு, தன்னிடம் அப்பா காலத்து எழுத்துரு ஒன்று இருப்பதாகவும், அது எதிலும் மாற மாட்டேன் என்கிறதென்றும், அட்டவணையைத் தன் தம்பி போட்டுத் தருவான், சேர்த்துக்கொள்வீர்களா என்றும் கேட்டிருந்தார். நான் பதில் எழுதுவதற்குள் முனிச்சாலையிலிருந்து அவருக்குப் பதில் போயிருந்தது. சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் தம்பி போடுவதாக இருந்தால் தம்பியே, தன் பெயரில் அனுப்பட்டும்.